ஆறேகாலுக்கு ஒரு பஸ்

கேள்வி: ரீச்சர், நான் கிளிநொச்சிக்கு அருகே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கணவர் கட்டாரில். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 5. ஆகஸ்ட் விடுமுறை வருகிறது. மகனின் முன்பள்ளியையும் மூடுகிறார்கள். நகரில் ஒரு பகல் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. காலை 8 முதல் மாலை 5 வரை, ஒரு பிள்ளைக்கு மாதம் 9,000 ரூபாய். சுவரெல்லாம் படம் வரைந்து வடிவாக வைத்திருக்கிறார்கள். மாமி வட்டக்கச்சியில் தனியாக இருக்கிறார். 70 வயது, சீனி வருத்தம், முழங்கால் நோவு. கணவரோ, மகள் காலையில் ரியூசனுக்குப் போகட்டும், அதுவரை தம்பியைப் பக்கத்து வீட்டில் விடு, பிறகு அவளே பார்த்துக்கொள்வாள் என்கிறார். தொழிற்சாலை பஸ் காலை ஆறேகாலுக்கு வரும். நான் வீடு திரும்ப ஆறரை ஆகும். என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நிலையம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். நீங்கள் ஆறேகாலுக்கே பஸ்ஸில். மாலையில் ஐந்துக்கு அவர்கள் கதவை மூட, நீங்கள் வந்து சேர இன்னும் ஒன்றரை மணி நேரம். இரண்டையும் கூட்டினால் மூன்றேகால் மணி நேரம். அந்த நேரத்தில் மகன் யாரிடம் இருப்பான் என்று நீங்கள் எழுதவே இல்லை.

இன்றிரவு ஒரு கொப்பியில் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை கோடு போடுங்கள். ஒவ்வொரு மணிக்கும் எதிரே ஒரு வளர்ந்த ஆளின் பெயரை எழுதுங்கள். 'நிலையம்', 'பக்கத்து வீடு' என்று எழுதினால் நான் ஏற்கமாட்டேன். ஆளின் பெயர் வேண்டும்.

மகளின் பெயர் அதில் வரக்கூடாது. தம்பிக்குச் சோறு போட்டுக் கொடுப்பாள், தலை வாரிவிடுவாள், சரி. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் கிணற்றடிக்குப் போனால்? ஏதாவது நடந்துவிட்டால் அந்தப் பாரத்தை அவள்தான் ஆயுள் முழுவதும் சுமப்பாள். கட்டாரில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். நான் சொன்னதாகவே அவருக்குச் சொல்லுங்கள், கோபம் என்னோடு இருக்கட்டும். ரியூசனையும் நம்பவேண்டாம். ஆசிரியருக்குக் காய்ச்சல் என்றால் ஒன்பது மணிக்கே பிள்ளைகளை வெளியே விட்டுவிடுவார்கள்.

மாமியிடம் இருவரையும் விடலாமா என்று நானும் யோசித்தேன். அன்புக்குக் குறைவிராது. ஆனால் சிறுபோகத்துக்காக இரணைமடுக் குளத்தைத் திறந்திருந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். ஐந்து வயதுப் பையன் அந்தப் பக்கம் ஓடினால் முழங்கால் நோவுள்ள மனுஷி எப்படித் துரத்திப் பிடிப்பது? மகள் போகட்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அப்பம்மா வீடு நல்ல இடம், அப்பம்மாவின் மருந்து நேரத்தையும் அவள் கவனித்துக்கொள்வாள். மகனை மட்டும் நிலையத்தில் விடுங்கள். செலவும் பாதியாகிவிடும்.

ஆனால் சேர்ப்பதற்கு முன்பு, சொல்லாமல் ஒரு நாள் மத்தியானம் ஒன்றரைக்கு அங்கே போங்கள். காலை எட்டு மணிக்கு எல்லா நிலையமும் வடிவுதான். சாப்பாடு முடிந்து, வெயில் ஏறி, பிள்ளைகள் சிணுங்க, பார்ப்பவர்களுக்கும் கண் சொருகும் நேரத்தில்தான் உண்மை தெரியும். படுக்கும் அறையில் காற்று வருகிறதா? கிணற்றுக்கு மூடி இருக்கிறதா? கேற்றின் கொளுக்கி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா? ஒருவர் லீவு எடுத்தால் அன்றைக்கு யார் பார்ப்பார்? கழிப்பறையை நீங்களே திறந்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள். பிறகு, 'நேற்று எந்தப் பிள்ளை அழுதது?' என்று கேளுங்கள். நல்ல பராமரிப்பாளருக்கு அந்தப் பிள்ளையையும் நினைவிருக்கும், அழுத காரணமும் நினைவிருக்கும். 'இங்கே ஒரு பிள்ளையும் அழுவதில்லை' என்பாரானால் செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

மாலையில் யார் கூட்டிப் போவது என்பதையும் எழுத்தில் கொடுங்கள். யுத்தம் முடிந்து மீள்குடியேறிய புதிதில் நான் நடத்திய முன்பள்ளியில், மாமா என்று சொல்லி வந்தவருடன் ஒரு சிறுமியை அனுப்பிவிட்டேன். அவர் உண்மையிலேயே மாமாதான். ஆனால் பின்னாலேயே தாய் வந்து, பிள்ளையைக் காணாமல் வாசலில் விழுந்து கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து கொப்பியில் பெயர் இல்லாத எவருக்கும், கடவுளே வந்தாலும், நான் பிள்ளையைக் கொடுத்ததில்லை.

அந்த மூன்றேகால் மணி நேரத்துக்கு வழி உங்கள் பஸ்ஸிலேயே இருக்கிறது. பக்கத்து இருக்கையில் இருக்கும் தாய்மாரைக் கேளுங்கள். அவர்களுக்கும் இதே தலையிடிதான். நான்கைந்து பேராகப் போய் ஆறு மணிக்குத் திறக்க முடியுமா என்று நிலையத்தைக் கேட்டால் ஒருவேளை சம்மதிப்பார்கள். இல்லாவிட்டால், தெருவில் நம்பிக்கையான ஒரு பெண்ணுக்கு எல்லோரும் சேர்ந்து பணம் கொடுத்து, காலையும் மாலையும் பிள்ளைகளைப் பார்க்கச் செய்யலாம். நிலையத்தைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள். அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை மகளுக்குப் பாடமாக்கிவிடுங்கள்.

இன்னொன்று. வட்டக்கச்சிக்கு அனுப்பும் முன், பற்றைக்குள் பழைய இரும்பு எதையும் தொடக்கூடாது, அது யுத்தகால வெடிபொருளாக இருக்கலாம் என்று மகளுக்கு மறுபடியும் சொல்லுங்கள். பள்ளியில் சொல்லியிருப்பார்கள். லீவில் பிள்ளைகள் பள்ளியில் சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. லீவு முழுவதும் ஊரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நாட்கூலிக்குக் கேட்கிறார்கள். வீட்டில் கைபேசியோடு கிடப்பதைவிட நல்லதுதானே?
— ஒரு தந்தை, முள்ளியவளை

பதில்: இல்லை. இலங்கையில் வேலைக்குச் சேர்க்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021 முதல் 16. சட்டத்தை விடுங்கள், ஒரு சீமெந்துப் பையின் நிறை 50 கிலோ, உங்கள் மகனின் நிறை எவ்வளவு? கைபேசி தொல்லை என்றால் பின்னேரத்தில் நீங்கள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ரியூப்பில் ஓட்டை எங்கே என்று வாளித் தண்ணீரில் பார்க்கப் பழக்குங்கள். முதல் நாள் முகத்தைச் சுளிப்பான். ஒட்டிய ரியூப்பில் காற்று நின்றுவிட்டால் மறுநாள் அவனே பக்கத்து வீட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவான்.