பிளேன்ல சுடுதேத்தண்ணி தொடையில ஊத்துண்டா?

உப்புவெளியில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறா. மகளிட்டப் போயிட்டு திரும்பி வரேக்க பிளேன்ல தேத்தண்ணி குடுக்கிற நேரம் ஆட்டம் வந்து, கப் சரிஞ்சு தொடையில ஊத்துண்டிட்டுதாம், பணிப்பெண் ஐஸ் குடுத்தவவாம், பக்கத்து சீட்காரர் பற்பசை பூசச் சொன்னவராம். இப்ப ஆறு நாள், கொப்புளம் உடைஞ்சு கசியுது, சீனி வருத்தமும் இருக்கு, என்ன ஒயின்மென்ட் வாங்கலாம் எண்டு கேக்கிறா.

அம்மா, ஒயின்மென்ட் தேடி பாமசிக்குப் போகாதேங்கோ, நாளைக்குக் காலமையே ஆஸ்பத்திரி ஓபிடியில காயத்தைக் காட்டுங்கோ. சீனி இருக்கிறவைக்கு காயம் ஆறச் சுணங்கும், கிருமியும் லேசா தொத்தும். நோ இல்லையெண்டு சந்தோசப்படவும் வேண்டாம், தோல் வெள்ளையாகி மரத்துப்போயிருந்தா எரிவு ஆழமாப் போயிருக்கலாம். காய்ச்சல், மணம், சிவப்பு பரவுறது இதில ஒண்டு இருந்தாலும் நாளைக்கு எண்டு நிக்காம இப்பவே போங்கோ. ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) எப்ப போட்டது எண்டும் டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

இனி ஆருக்கும் பிளேன்ல இப்பிடி ஊத்துண்டா என்ன செய்யிறது எண்டும் சொல்லுறன். பறக்கிற உயரத்தில கபின் காத்தழுத்தம் குறைவு, தண்ணி கிட்டத்தட்ட 92 பாகையிலயே கொதிச்சிடும், ஆனா 70 பாகைத் தண்ணியே ஒரு செக்கனில தோலை ஆழமா எரிக்கப் போதும், நீங்க பெல்ட் போட்டு இருக்கிறதால எழும்பவும் ஏலாது, சீலையில ஊறினது அப்பிடியே தொடையில ஒட்டிக்கொண்டு நிக்கும். அதால உடன துணியை விலக்கோணும், போத்தல் தண்ணியைக் கேட்டு வாங்கி 20 நிமிசம் விடாம ஊத்தோணும். உடன செய்யேலாட்டியும் 3 மணித்தியாலத்துக்குள்ள செய்தாலும் பலன் இருக்கு. ஐஸ் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைக் குறைச்சு காயத்தைக் கூட்டும். பற்பசை சூட்டை உள்ள அடைச்சு வைக்கும், டொக்டருக்குக் காயத்தைப் பார்க்கவும் ஏலாமப் போகும். பேரப்பிள்ளையை மடியில வச்சுக்கொண்டு சுடுதேத்தண்ணி வாங்கவே வாங்காதேங்கோ, பிள்ளையளின்ர தோல் மெல்லிசு.

இன்னொண்டு, நட்டஈடு. 1999 மொன்றியல் உடன்படிக்கைப்படி சர்வதேசப் பறப்பில நடந்த விபத்துக் காயத்துக்கு விமானக் கம்பனி பொறுப்பு, வழக்கு வைக்க 2 வருசம் இருக்கு. ஒரு பிள்ளைக்கு மேல சுடுகோப்பி ஊத்துண்ட வழக்கில, விமானம் ஆடித்தான் கொட்டினது எண்டு காட்டத் தேவையில்லை எண்டு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019இல சொல்லியிருக்கு. காயத்தைப் படம் எடுத்து வையுங்கோ, போர்டிங் பாஸையும் மருந்து கட்டினதுக்கு ஆஸ்பத்திரியில தாற துண்டுச்சீட்டையும் எறியாதேங்கோ, கம்பனிக்கு இந்தக் கிழமையே எழுத்தில அறிவியுங்கோ.