தையல் அறையும் மலசலகூடத் தாழ்ப்பாளும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். என் சொந்த ஊர் மட்டக்களப்பு. சுனாமி வந்தபோது நான் சிறுமி. பாடசாலைக் கட்டடத்தில் இருந்த முகாமில் சில மாதங்கள் தங்கியிருந்தோம். இப்போது ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனம், மியன்மாரிலிருந்து பங்களாதேஷின் காக்ஸ் பஜாருக்குத் தப்பி வந்த ரோஹிங்கியா அகதிகளின் முகாம்களில் பெண்கள், சிறுமியருக்கான பாதுகாப்புத் திட்டத்தை நடத்தும் பொறுப்புக்கு என்னைத் தெரிவுசெய்திருக்கிறது. அடுத்த மாதம் புறப்படுகிறேன்.

திட்ட ஆவணத்தைப் படித்ததிலிருந்து மனம் சோர்ந்து கிடக்கிறது. இத்தனை விழிப்புணர்வுக் கூட்டம், இத்தனை சுகாதாரப் பொதி, இத்தனை பேருக்குத் தையல் பயிற்சி என்று எண்ணிக்கையாகவே போகிறது. குடியுரிமை மறுக்கப்பட்டு, ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு பெண்ணுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துவிட்டு அவளை வலுவூட்டிவிட்டோம் என்று அறிக்கை எழுதுவது நியாயமா? போதாததற்கு நிதியும் வெட்டப்பட்டிருக்கிறது. வேலைகளில் பாதியை நிறுத்த வேண்டி வரும் என்கிறார்கள். எதை நிறுத்துவது, எதை விடக்கூடாது என்று எப்படி முடிவெடுப்பது? சுனாமிக் காலத்தில் நீங்கள் நிவாரண வேலையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

தையல் பயிற்சிக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த முகாமில் சிறுமியாக இருந்தீர்கள். பெரியவர்கள் வரிசையில் நின்று மேசையில் என்ன எழுதிக்கொடுத்தார்கள் என்பது அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்ணுக்கு உரியது. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாக எழுதிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். சண்டை முற்றினால் வெளியேற வேண்டியவர் அவர்தான். ஆக 2004 டிசம்பர் 26 காலையில் அந்தக் கரையில் கடல் கொண்டுபோனது பெரும்பாலும் பெண்களின் வீடுகளை. பிறகு வந்த நிவாரணப் படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. கணவர் உயிரோடு இருந்தால் அதில் அவர் பெயர். மாதம் 5,000 ரூபாய் கொடுப்பனவு அந்தப் பெயருக்கு. முழுதாக இடிந்த வீட்டுக்கான 2,50,000 ரூபாய் அந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு. கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று அரசு சொன்னபோது, ஊருக்குள்ளே அரச காணியில் புது வீடு கிடைத்தவர்கள் உண்டு. அதன் பத்திரமும் பல இடங்களில் கணவர் பெயருக்கே போனது. தாயிடமிருந்து மகளுக்கு என்று வந்துகொண்டிருந்த சொத்து, யாரும் வழக்குப் போடாமல், யாரும் பறிக்காமல், ஒரு மேசையில் கைமாறிவிட்டது.

சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் அப்போதே கூடி இதைச் சொன்னார்கள். முகாம்களில் குடித்துவிட்டு வந்து அடிப்பது கூடியிருக்கிறது என்றும், உடை மாற்ற மறைவிடம் இல்லை என்றும், வரும் நிவாரணப் பொதிகளில் உள்ளாடையோ மாதவிலக்குத் துணியோ இல்லை என்றும் சொன்னார்கள். சொன்னவை எல்லாம் உண்மை. ஆனால் படிவம் தயாரித்தவர்களின் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. பெண்களைப் பற்றிப் பேச வேறு ஒரு கூட்டம், வேறு ஒரு நாளில் ஒதுக்கப்பட்டிருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2005 மார்ச் 30 அன்று வெளிவந்த அரசாணை 172, சுனாமி வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்றது. கிழக்கிலங்கைபோல் வீடு மகளுக்கே என்ற வழக்கம் அங்கே இல்லை. இருந்தும் நடந்தது, ஆணையில் ஒரு வரி எழுதப்பட்டதால். நம் பக்கத்தில் வழக்கம் இருந்தது, வரி இல்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெண்களின் பாதுகாப்பில் பெரும்பகுதி உங்கள் திட்டத்துக்கு வெளியேதான் தீர்மானமாகிறது. பதிவு செய்பவர், தங்குமிடம் கட்டுபவர், தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் பொறுப்பானவர், அரிசி பங்கிடுபவர் இவர்களுடைய கூட்டங்களில் அது தீர்மானமாகிறது. உங்கள் வேலைநேரத்தில் பாதியை அங்கே போய் உட்காருவதில் செலவிடுங்கள். கூப்பிடாவிட்டாலும் போங்கள்.

நீங்கள் போகும் இடத்திலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு சில மாதங்களில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் மியன்மார் எல்லையையும் நாஃப் ஆற்றையும் தாண்டி காக்ஸ் பஜாரின் உக்கியா, தெக்நாஃப் பகுதிகளில் வந்து சேர்ந்தார்கள். மூங்கிலும் தறப்பாளும் கிடைத்தன. சமைக்க விறகு இல்லை. பெண்களும் பிள்ளைகளும் பக்கத்துக் காட்டுக்குப் போனார்கள். காடு அழிய அழிய இன்னும் தூரம் நடந்தார்கள். வழியில் மறித்தார்கள், அடித்தார்கள், அதைவிட மோசமானதும் நடந்தது. 2018இலிருந்து ஐ.நா. அமைப்புகள் வீட்டுக்கு வீடு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் கொடுக்கத் தொடங்கின. விறகுக்குப் போவது பெருமளவு நின்றது. மொட்டையாகிப்போன குன்றுகளிலும் மறுபடி மரம் வளர்ந்தது. இதற்குப் பெண்கள் பாதுகாப்புத் திட்டம் என்று பெயர் இல்லை. சுற்றுச்சூழல், எரிபொருள் என்ற தலைப்பில்தான் கணக்கு இருக்கும். எத்தனை விழிப்புணர்வுக் கூட்டங்கள் சேர்ந்தால் அந்த ஒரு சிலிண்டருக்கு ஈடாகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மலசலகூடத்தையும் அப்படியே பாருங்கள். அவசர நிலைகளுக்கான ஸ்பியர் தரவிதிகள் 20 பேருக்கு ஒன்று என்றும், பொது இடங்களில் ஆண்களுக்கு ஒன்றென்றால் பெண்களுக்கு மூன்று என்றும் சொல்கின்றன. உள்ளே தாழ்ப்பாள், வழியில் வெளிச்சம் எல்லாம் அதில் இருக்கிறது. நடப்பில் என்ன ஆனது? முதல் மாதங்களில் அவசரமாகத் தோண்டிய குழிகள் விரைவில் நிரம்பின. ஆண்களுக்கும் பெண்களுக்கும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினார்கள். பெண்கள் பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். இருட்டும்வரை அடக்கிக்கொண்டார்கள். குளிப்பது குடிசைக்குள்ளேயே, சமைக்கும் மண்தரையில். எண்ணிக்கைப் படிவத்தில் ‘மலசலகூடம் கட்டப்பட்டது’ என்று சரியாகவே இருக்கும். போய்க் கதவைச் சாத்திப் பார்த்தால்தான் தாழ்ப்பாள் இல்லை என்பது தெரியும். பொறியியலாளருடன் சண்டை போடாதீர்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள்.

தொடக்க ஆண்டுகளில் பங்கிட்ட அரிசி மூட்டை 30 கிலோ. கணவனை இழந்து பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் பெண் மழைக்கால மண்மேட்டில் அதை எப்படிச் சுமப்பாள்? ஒரு ஆணின் தயவு வேண்டும். தயவுக்கு விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள். பங்கிடும் இடத்தில் சுமைதூக்க ஆள் வைத்தது அதற்காகத்தான். பங்கிடுபவர்களே விலை கேட்ட கதையும் இருக்கிறது. 2002இல் கினி, லைபீரியா, சியரா லியோன் அகதி முகாம்களில் நிவாரணப் பணியாளர்களே உணவுக்கும் பொருளுக்கும் ஈடாகச் சிறுமியரைப் பயன்படுத்தியது வெளிவந்தது. அதன் பிறகு 2003இல் ஐ.நா. பொதுச் செயலாளர் அதைத் தடைசெய்து ஆணை வெளியிட்டார். அந்த ஆணை சுவரில் தொங்குகிறதா என்று பார்க்காதீர்கள். உங்கள் நிறுவனத்தின் ஓட்டுநர்மீது ஒரு சிறுமிக்குப் புகார் இருந்தால், எழுதப் படிக்கத் தெரியாத அவள் அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும் என்று கேளுங்கள். தொகுதித் தலைவரான ‘மாஜி’யிடம்தான் என்று பதில் வந்தால், வழி இல்லை என்று பொருள். மாஜிகள் பெரும்பாலும் ஆண்கள்.

இனி தையல். பிழைப்புக்கான வழி என்று கொடுத்தால் உங்கள் கோபம் சரி. அங்கே அகதிகள் முறையாக வேலை செய்ய அனுமதி இல்லை. முகாமுக்குள் எல்லாருக்கும் ஒரே பயிற்சி கொடுத்தால் யார் யாருக்குத் தைத்துக்கொடுப்பது? ஆனால் பெண்களுக்கான அறைகளில் தையல் வேறு ஒரு வேலையும் செய்கிறது. வீட்டைவிட்டு வெளியே போவதற்கே கணவனிடமும் மாமியாரிடமும் காரணம் சொல்ல வேண்டிய பெண்ணுக்கு, ‘தைக்கப் போகிறேன்’ என்பது யாரும் மறுக்காத காரணம். ‘அடி வாங்கியதைச் சொல்லப் போகிறேன்’ என்று எந்த வீட்டிலிருந்து புறப்பட முடியும்? அந்த அறையில் பத்துப் பேர் குனிந்து பூவேலை செய்துகொண்டிருக்கும்போது ஒருத்தி மட்டும் எழுந்து உள்ளறைக்குப் போனால் யாருக்கும் தெரியாது. உள்ளே பயிற்சி பெற்ற ஒரு பெண் இருப்பாள். கதவு சாத்தப்படும். அந்த ஊசிக்கும் நூலுக்கும் மதிப்பு அதில்தான். ஆகவே தையலை நிறுத்தாதீர்கள். உள்ளறை இல்லாத தையல் வகுப்பு என்றால் தயங்காமல் நிறுத்துங்கள்.

நிதி வெட்டைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பெண்கள்மீதான வன்முறைக்கு எதிரான வேலைக்கு உலக மனிதாபிமான நிதியில் ஒரு விழுக்காடுகூட வந்ததில்லை. 2025இல் அமெரிக்கா தன் உதவியை வெட்டியபோது இருந்ததும் சுருங்கியது. கையில் இருப்பது குறையும்போது சுவரொட்டியை வெட்டுங்கள், தொப்பியையும் சட்டையையும் வெட்டுங்கள், விடுதிகளில் நடக்கும் பயிலரங்குகளை முதலில் வெட்டுங்கள். அறையை விடாதீர்கள். அதில் உட்காரும் பெண்ணின் சம்பளத்தை விடாதீர்கள். அங்கிருந்து மருத்துவரிடம் போகும் வழியை எந்த நிலையிலும் விடாதீர்கள். வன்புணர்வுக்கு ஆளானவருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கருத்தடை அவசர மாத்திரை 120 மணி நேரத்துக்குள். முதல் நாளிலேயே அவளை நம்பி, கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லை என்றால் மருந்து அலமாரியிலேயே இருக்கும். நம்பிக்கை ஆறு மாத ஒப்பந்தத்தில் வளர்வதில்லை. ஒரு அறையை மூடிவிட்டு அடுத்த ஆண்டு நிதி வந்ததும் திறந்தால், பழைய பெண்கள் திரும்பி வருவார்கள் என்று எண்ண வேண்டாம்.

போக வழி இல்லாத இடத்தில் வன்முறை பற்றிக் கேள்வி கேட்டுக் கணக்கெடுக்கவும் சம்மதிக்காதீர்கள். நன்கொடையாளர் எண் கேட்பார். காயத்தைத் திறந்துவிட்டு மருந்தில்லாமல் திரும்பி வருவது கொடுமை. அவள் பேசியது குடிசைச் சுவரைத் தாண்டிப் போனால் உயிருக்கே ஆபத்து. அதேபோல், அறை நன்றாக நடக்கத் தொடங்கினால் பதிவாகும் சம்பவங்களின் எண்ணிக்கை கூடும். மேலிடத்திலிருந்து ‘வன்முறை பெருகிவிட்டதே, திட்டம் தோற்றுவிட்டதா?’ என்று கடிதம் வரும். சொல்ல இடம் கிடைத்ததும் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்று முதல் அறிக்கையிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

சிறுமியரைப் பற்றி ஒன்று. 2023இல் உலக உணவுத் திட்டம் நிதியில்லாமல் ஒருவருக்கான மாதப் பங்கை 12 டாலரிலிருந்து மார்ச்சில் 10ஆகவும் ஜூனில் 8ஆகவும் குறைத்தது. பங்கு குறையும் வீட்டில் முதலில் தட்டைத் தள்ளிவைப்பவள் தாய். அடுத்து, ஒரு வாயைக் குறைக்கத் திருமணம் செய்துவைக்கப்படுபவள் மகள். பிள்ளைத் திருமணத்துக்கு எதிராக நீங்கள் நாடகம் போடலாம், தடுக்க முடியாது. உணவுப் பங்குக்காகப் பேசும் கூட்டத்தில் இதைச் சொல்லும் ஆள் நீங்கள்தான். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். சுற்றிலும் இருக்கும் இமாம்களிடமும் தந்தையரிடமும் பேச ரோஹிங்கியா ஆண்களையே தேடிப்பிடியுங்கள்.

உங்களிடம் வேலை செய்யும் ரோஹிங்கியா பெண் தொண்டர்களைக் கவனியுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அங்கே மிரட்டல் வந்திருக்கிறது, அவதூறு பரவியிருக்கிறது. மாலை மங்குவதற்கு முன் அவர்கள் வீடு சேர வேண்டும். கூட்டம் நீள்கிறது என்றால் கூட்டத்தை முடியுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டியதாக ஒன்று சொல்கிறேன். கணவன் கைவிட்டுப் போன, அல்லது அவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட ஒரு பெண், குடும்ப அட்டையிலிருந்து பிரிந்து தன் பெயரில் தனிப் பங்கு பெற என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். யாரிடம் போக வேண்டும், யார் கையெழுத்து வேண்டும், மாஜி மறுத்தால் அடுத்த வாசல் எது, அதுவரை அவள் எதைச் சாப்பிடுவாள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதிவு அலுவலகத்தில் ஒரு பதில் கிடைக்கும், அறைக்கு வரும் பெண்களிடம் வேறு பதில் கிடைக்கும். இரண்டையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். உங்கள் திட்ட ஆவணத்தில் எதை மாற்றக் கேட்கலாம் என்று அதன் பிறகு சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அக்கா