சிறைக்குள் எட்டாம் வகுப்பு

கேள்வி: என் தம்பி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கடலுக்குப் போனவன். கடல் அட்டை கடத்திய வழக்கில் மூன்று ஆண்டு தண்டனை பெற்று மதுரை மத்தியச் சிறையில் இருக்கிறான். விசாரணையின்போது காட்டிய இடத்திலெல்லாம் கைநாட்டு வைத்ததாகச் சொன்னான். சென்ற மாதம் தன் கையால் எழுதிய முதல் கடிதத்தை அனுப்பினான். எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகிறானாம். ‘கடலுக்குப் போகிறவனுக்குப் படிப்பு எதற்கு? சிறைக்குப் போய் வந்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?’ என்கிறார் எங்கள் தாய்மாமா. இந்தப் படிப்பால் பயன் உண்டா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாம்பன்

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய தம்பியின் கடித நகலைப் பலமுறை படித்தேன். ‘அக்கா’ என்ற சொல்லில் புள்ளியை முதலில் விட்டுவிட்டு, பிறகு அழுத்தி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் ஏறியும் இறங்கியும் போகிற வரிகள், அம்மாவின் உடல்நலத்தைக் கேட்கும் இடத்துக்கு வரும்போது நேராகிவிடுகின்றன. பயன் உண்டா என்ற கேள்விக்கு அந்தக் கடிதமே பாதி பதிலைச் சொல்லிவிட்டது.

கடலடியில் ஊர்ந்து வாழும் உயிரினமான கடல் அட்டை, 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகுந்த பாதுகாப்புப் பெற்ற உயிரினங்களின் பட்டியலில், இருக்கிறது. அதைப் பிடித்தாலோ விற்றாலோ மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை உண்டு. நம் கரையில் ஒரு நாள் கூலிக்காக மூட்டை ஏற்றப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? காவலில் இருப்பவர் எவரும் கட்டணமின்றி வழக்கறிஞர் கேட்கலாம் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தந்த உரிமை. அதையும் அறியாமல், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றும் புரியாமல் கைநாட்டு வைத்தவர், இனி எந்தத் தாளையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவார் என்பதே இந்தப் படிப்பின் முதல் பயன் என்று நான் கருதுகிறேன். கடலுக்குப் போகிறவருக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கும் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

வேலையைப் பற்றிய அவருடைய கவலை நியாயமானது. தண்டனை பெற்றவர் அரசு வேலைக்குப் போவது கடினம். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால், எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் சேர இடமுண்டு. விசைப்படகுகள் நிற்கும் ஊரில் வெல்டிங் தெரிந்தவருக்கு வேலை இல்லாமல் போகாது. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம், அந்நாட்டில் முப்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட அறிக்கையில், சிறையில் படித்தவர்கள் மீண்டும் சிறைக்குத் திரும்பும் வாய்ப்பு படிக்காதவர்களைவிட 43 சதவீதம் குறைவு என்று கண்டது. அந்த நாடு வேறு, நம் நாடு வேறுதான். ஆயினும் கையில் தொழிலோடு வெளியே வருபவரை, பழைய கடத்தல் ஏஜென்ட் வந்து மறுபடி அழைத்துப் போவது எளிதல்ல என்பது இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

எனக்குள்ள வருத்தம் விசாரணைக் கைதிகளைப் பற்றியது. இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூன்று பங்கினர் அவர்கள்தாம். ஜாமீன் எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் காத்திருப்பவர்கள் பாடத்தைத் தொடங்குவதும் அரிது, முடிப்பதும் அரிது. தண்டனைக் காலம் இவ்வளவு என்று தெரிந்திருப்பதால் உங்கள் தம்பியால் திட்டமிட்டுப் படிக்க முடிகிறது.

அடுத்த முறை மனு போட்டுத் தம்பியைச் சிறையில் பார்க்கப் போகும்போது அவருடைய பிறப்புச் சான்றிதழ், ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுபோய், சிறை ஆசிரியரிடம் சேர்க்கும்படி கேளுங்கள். தனித்தேர்வராக விண்ணப்பிக்க வயதுச் சான்று வேண்டும். எழுதப்போவது வெளியில் இருப்பவர்கள் எழுதும் அதே தேர்வு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் அதே சான்றிதழ். அதற்கு முன்பே அவர் கடிதத்துக்குப் பதில் எழுதிவிடுங்கள். எழுத்துகளைப் பெரியதாக, கூட்டெழுத்து இல்லாமல் எழுதுங்கள். எவர் உதவியும் இல்லாமல் அவரே படிக்கட்டும்.