வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு அறையைப் பிடியுங்கள்

கேள்வி: அடுத்த மாதம் நானும் கணவரும் 72 வயது அம்மாவையும் 6 வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு கடலோர ஊருக்குப் போகிறோம். நான்கு இரவுகள். ஒரு குடும்பம் தாங்கள் வசிக்கும் வீட்டிலேயே நான்கு அறைகளை வாடகைக்கு விட்டு, காலை உணவும் தருகிறது. அங்கே தங்கலாமா என்று யோசிக்கிறோம். இதுவரை பெரிய ஓட்டல்களில்தான் தங்கியிருக்கிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி. மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்? அந்த வீட்டாருக்குத் தொந்தரவு தராமல் எப்படி நடந்துகொள்வது?

பதில்: படங்களை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். அவர்களோடு தொலைபேசியில் பேசுங்கள். பெரிய ஓட்டலில் தொலைபேசியை எடுப்பவர் உங்கள் அறைக்குள் கால் வைத்தே இருக்க மாட்டார். இங்கே எடுப்பவர்தான் உங்கள் கட்டிலுக்கு விரிப்பு போடுகிறார், காலையில் அடுப்பங்கரையில் நிற்கிறார். அவர் சொல்லும் பதிலுக்கு எந்த விளம்பரத்தையும்விட மதிப்பு அதிகம். இப்படிப்பட்ட வீடுகளில் பல ஆண்டுகள் தங்கியும், புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லியும் வருகிறேன். விருந்தினர்கள் பட்ட சிரமங்களில் பெரும்பாலானவை முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வந்தே இருக்காது.

அம்மாவிலிருந்து தொடங்குவோம். "மாடிப்படி இருக்கிறதா?" என்று கேட்டால் "ஒன்றிரண்டுதான்" என்ற பதில் வரும். அந்தப் படிகளில் தினமும் ஏறி இறங்குபவருக்கு அவை கண்ணில் படுவதில்லை. "வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து கட்டில்வரை எத்தனை படிகள்? கைப்பிடி இருக்கிறதா?" என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, நடைவழியைத் தாண்டிப் போக வேண்டுமா? வாசல் தடுப்பு எவ்வளவு உயரம்? கழிப்பறையில் எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது உண்டா? இரவில் அந்த வழியில் விளக்கு எரியுமா? குளியலறையைத் தரையோடு சேர்த்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வதில் தவறில்லை. விளம்பரப் படங்களில் தரை தெரிவதே இல்லை.

மகளின் ஒவ்வாமையை அறை பிடிக்கும்போதே சொல்லிவிடுங்கள். போவதற்கு முந்தைய நாள் மறுபடியும் நினைவூட்டுங்கள். "வேர்க்கடலை போடாதீர்கள்" என்பது மட்டும் போதாது. சின்னச் சமையலறையில் ஒரே வெட்டுப்பலகை, ஒரே எண்ணெய்ச் சட்டி, எல்லாப் பாட்டில்களுக்கும் ஒரே கரண்டி என்றுதான் இருக்கும். எந்த எண்ணெயில் சமைக்கிறார்கள், பொட்டலங்களின் மேலுறையை நீங்கள் படித்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரிய ஓட்டல் பந்தியில் இதைக் கேட்டு உறுதியான பதில் வாங்குவது கடினம். இங்கே சமைப்பவரே உங்கள் எதிரில் நிற்கிறார், இது உங்களுக்குப் பெரிய வசதி. மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசர மருந்து உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். அருகிலுள்ள மருத்துவமனைக்கு இரவில் போக எவ்வளவு நேரமாகும் என்பதையும் அதே அழைப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெந்நீர். சாதாரணப் பூத்தூவல் குழாயில் (ஷவரில்) நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர்வரை தண்ணீர் போய்விடும். நான்கு அறைக்கும் ஒரே கொதிகலன் என்றால், காலை ஏழரை மணிக்கு மூன்றாவதாகக் குளிப்பவருக்குப் பச்சைத் தண்ணீர்தான் கிடைக்கும். மூட்டுவலிக்காரரான அம்மா மாலையில் குளித்துவிடுவது நல்லது. குளியலறைக்குள்ளேயே எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவி பொருத்தியிருந்தால், புகை வெளியேறக் குழாய் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அடைத்த குளியலறையில் அது உயிரையே குடித்துவிடும். வெளிக்குழாய் இல்லை என்றால் அந்த வீடு வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"தண்ணீரைக் கொஞ்சம் பார்த்துச் செலவழியுங்கள்" என்று வீட்டார் சொன்னால் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். கடலோரத்தில் கிணற்றையோ ஆழ்துளைக் குழாயையோ நம்பியிருக்கும் வீடுகளின் அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர்வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: மேலே நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் அடியிலிருந்து உப்பு பல மடங்கு மேலே ஏறி வரும். ஒருமுறை உப்பேறிய கிணறு சீக்கிரம் தெளியாது. விருந்தினர் கூட்டம் நிறைந்த மாதங்களில் அந்தக் குடும்பத்துக்கு இது நிரந்தரக் கவலை. சோப்பு நுரைக்கவில்லை என்றால் காரணத்தை இப்போது நீங்களே ஊகித்துவிடலாம். குடிக்கும் தண்ணீர் எது என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத இடமாக இருந்தால் கழிவுநீர்த் தொட்டிதான் இருக்கும். ஈரத் துடைப்புத் தாள்களை அதில் போட்டால் வீடு முழுக்க அடைத்துக்கொள்ளும்.

"கடலுக்கு மிக அருகில்" என்பதை அப்படியே நம்பாதீர்கள். எத்தனை நிமிட நடை, அம்மாவின் நடையில் எத்தனை நிமிடம், இடையில் பெரிய சாலை உண்டா என்று கேளுங்கள். கடல் ஏறி இறங்கும் ஓத நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான கரைகளில் கடல் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறுகிறது. அதனால் இன்று காலை பத்து மணிக்கு அகலமாகக் கிடந்த மணல்பரப்பு, ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் தண்ணீருக்குள் இருக்கலாம். மத்தியதரைக் கடலில் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் முழங்கால் அளவுகூட இல்லை. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர்வரை போகும். தண்ணீர் ஒரே சீராகவும் ஏறாது. ஏறும் ஆறு மணி நேரத்தில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் வந்து சேர்கிறது. பாறைத் திட்டுகளில் குழந்தையோடு விளையாடப் போனால் இதை மறக்கவே கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

குளிக்க எந்த இடம் நல்லது என்பதையும் வீட்டாரிடமே கேளுங்கள். அலைகள் உடைந்து நுரைக்கும் கரையில், நடுவே ஓரிடம் மட்டும் அலையில்லாமல் அமைதியாக, சற்று இருண்டு தெரியும். புதியவர்கள் குழந்தையை நேராக அங்கேதான் அழைத்துப் போவார்கள். பல நேரங்களில் கரையேறிய தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் பாயும் இழுவை நீரோட்டம் அதுதான். அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டருக்கு மேலும் போகும், ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாது. சிக்கியவர் கரையை நோக்கிப் போராடாமல் மிதந்துகொண்டு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். உயிர்காப்பாளர்கள் இருக்கும் கரைகளில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். விரல்நுனியில் லேசான பிசுபிசுப்பு ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். காலையில் துடைத்த கண்ணாடிதான், அவர்கள் சுத்தம் செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். சாவி பூட்டில் சிக்குவதும், தாழ்ப்பாள் துருப்பிடிப்பதும் கடல்காற்றில் வரும் இதே உப்பினால்தான். சாவியை வலுவாகத் திருகாமல் லேசாக வெளியே இழுத்துப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், திறந்துகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கடலில் நனைந்த துணியை அப்படியே கொடியில் போட்டால் விடிந்த பிறகும் சொதசொதவென்று இருப்பது இதனால்தான். ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுக் காயப்போடுங்கள். மகள் முற்றத்திலேயே கால் மணலைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் வரட்டும். குளியலறை வடிகாலை அடைப்பதில் மணலை மிஞ்ச ஒன்றுமில்லை.

தொந்தரவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் வருகை நேரத்தைச் சொல்லுங்கள், தாமதமானால் வழியிலேயே அழைத்துச் சொல்லுங்கள். பல ஆண்டுகளுக்கு முன், வண்டி பழுதாகி நான் ஒரு வீட்டுக்கு இரவு பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். தகவல் சொல்லவில்லை. திண்ணையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்த வீட்டு அம்மா எனக்காக விழித்திருந்தார். மடியில் டார்ச் விளக்கு, பக்கத்தில் மூடி வைத்த ஒரு தட்டு. ஐந்து மணிக்கு எழுந்து எல்லோருக்கும் சமைக்க வேண்டியவர் அவர். அன்றிலிருந்து வருகை நேரத்தைச் சொல்லாமல் நான் எங்கும் போவதில்லை. காலை உணவு எத்தனை மணிக்கு வேண்டும் என்பதை முந்தைய இரவே சொல்லிவிடுங்கள். எந்த அறைகள் விருந்தினருக்கு, எவை குடும்பத்துக்கு என்று கேட்டுக்கொண்டால் மகளும் தயங்காமல் நடமாடுவாள்.

முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கே அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறை காலியானால் கால்பங்கு வருமானம் போய்விடும். அவர்களின் விதி கண்டிப்பாக இருந்தால் அது நியாயமே.

காலை உணவு வேளையில் அழைக்க வேண்டாம். அறைகளைச் சுத்தம் செய்து முடித்து, அடுத்த விருந்தினர் வருவதற்கு முன், மதியம் இரண்டு மணி அளவில் அழையுங்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, படிகளையும் குளியலறையையும் பற்றி அவரையே கேட்கச் சொல்லுங்கள். தன் முழங்காலுக்கு எது முடியும், எது முடியாது என்பது அவருக்குத்தான் தெரியும்.