உடைந்த துடுப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒருமுறை சொன்னதை நம்பி அப்பொலோனியஸின் ‘ஆர்கோனாட்டிகா’வை, கொல்கிஸ் நாட்டுத் தங்க ஆட்டுத்தோலைத் தேடி ஜேசன் வீரர்களோடு கப்பலேறும் அந்தக் கிரேக்கக் காவியத்தை, ஆங்கிலத்தில் வாசித்து முடித்தேன். எனக்கு ஏமாற்றம்தான். இந்த ஜேசன் அப்படி என்ன செய்துவிட்டான்? தீ கக்கும் காளைகளை ஏரில் பூட்டியது கொல்கிஸ் இளவரசி மீடியா கொடுத்த மருந்தின் பலத்தில். தங்க ஆட்டுத்தோலைக் காத்த பாம்பைத் தூங்கவைத்ததும் அவள்தான். பாடி மயக்கிக் கொல்லும் சைரன்களிடமிருந்து கப்பலைக் காப்பாற்றியது பாடகன் ஆர்ஃபியஸின் யாழ். மகா பலசாலி ஹெராக்ளிஸே கூட வரும்போது இவன் எதற்குத் தலைவன்? அப்புறம், தங்கத்தோல் முழுக்கக் கற்பனையா? தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலைத் தாண்டவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஏமாற்றத்துக்கு நானும் ஒரு காரணம். வீரகாவியம் என்று சொல்லி உங்களை அனுப்பியிருக்கக் கூடாது.

அப்பொலோனியஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எழுதியவர், அலெக்சாண்டிரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர். ஹோமரைக் கரைத்துக் குடித்த படிப்பாளி. அவருக்கு ஹோமரின் மாவீரன் அக்கிலீஸைப் போல இன்னொருவனைப் படைக்கும் ஆசை இல்லை. ஜேசனைக் குறிக்க அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சொல் ‘அமேகனோஸ்’. வழி தெரியாதவன் என்று பொருள். தமிழில் ‘கையற்றவன்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். சரியாகத்தான் பொருந்துகிறது.

நீங்கள் கேட்ட கேள்வியைக் காவியமே கேட்கிறது. புறப்படும் முன், நம்மில் சிறந்தவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுங்கள் என்கிறான் ஜேசன். எல்லார் கண்ணும் ஹெராக்ளிஸ் மேல் போகிறது. அவனோ இருந்த இடத்திலிருந்தே கையை உயர்த்தி, நம்மைக் கூட்டியவனே நடத்தட்டும் என்று முடித்துவிடுகிறான். ஆக, ஜேசன் மிச்சத்துக்குக் கிடைத்த தலைவன். ஆசிரியர் அதை மறைக்கவே இல்லை.

அந்த ஹெராக்ளிஸ் என்ன ஆனான் என்று பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மைசியாக் கரையை நெருங்கும்போது மற்றவர்கள் எல்லாம் களைத்துவிட்டார்கள். இவன் ஒருவனே கப்பலை இழுத்துக்கொண்டு போவதுபோலத் துடுப்பு வலிக்கிறான். துடுப்பு நடுவில் முறிகிறது. பாதி கையில், பாதி கடலில். பக்கவாட்டில் சரிந்து விழுந்தவன் எழுந்து உட்கார்ந்து பேசாமல் சுற்றுமுற்றும் பார்க்கிறான். அவன் கைகளுக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை என்கிறார் அப்பொலோனியஸ். உலகத்தின் பெரிய பலசாலி, செய்ய வேலை இல்லாமல் விழிக்கிறான்!

புதுத் துடுப்புக்கு மரம் தேடிக் காட்டுக்குள் போகிறான். தண்ணீர் எடுக்கப் போன, அவனுடைய பணியாளான ஹைலாஸ் என்ற இளைஞனைச் சுனையில் இருந்த நீர்ப்பெண் இழுத்துக்கொள்கிறாள். ஹெராக்ளிஸ் அவனைத் தேடி அலறிக்கொண்டு அலைகிறான். விடியலில் நல்ல காற்று, கப்பல் கிளம்பிவிடுகிறது. ஆள் குறைவது நடுக்கடலில்தான் தெரிகிறது. கப்பலில் இருந்த டெலமோன் என்ற வீரன் ஜேசனைப் பார்த்து, வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தாய் என்று கத்துகிறான். ஜேசன் பதிலே பேசாமல் உள்ளுக்குள் வெந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

முதல் பாகம் முடிவதற்குள் பலசாலியைக் கரையில் இறக்கிவிட்டுத்தான் கதை மேலே போகிறது. அவன் இருந்திருந்தால் கொல்கிஸில் மன்னன் ஏயீட்டஸின் மண்டையை உடைத்துவிட்டுத் தோலை எடுத்து வந்திருப்பான். மீடியாவுக்கு அங்கே வேலையே இல்லை. மூன்றாம் பாகத்தில், அக்காவின் அறைக்குப் போவதா வேண்டாமா என்று அவள் வாசல்வரை வந்து வந்து திரும்புகிறாளே, அந்த இரவும் இல்லை. இதற்காக ஒரு ஹெராக்ளிஸை இழக்கலாம் என்பது என் கட்சி.

ஜேசனை நல்லவன் என்று சொல்ல வரவில்லை. மீடியாவின் அண்ணன் அப்சிர்டஸைப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு, கோயில் முன்னால் மறைந்திருந்து வெட்டுகிறான். பிறகு கொலைப்பாவம் தீர அந்த ரத்தத்தை மூன்று முறை நக்கி மூன்று முறை துப்புகிறான். அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

தங்கத்தோல் விஷயம். கொல்கிஸ் என்பது இன்றைய ஜார்ஜியாவின் மேற்குப் பகுதி. அங்கே மலையாறுகள் அடித்துவரும் பொன்துகளைத் துளையிட்ட தொட்டிகளிலும் கம்பளி ஆட்டுத்தோலிலும் பிடிக்கிறார்கள் என்றும், கதை அதிலிருந்து வந்திருக்கலாம் என்றும் பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். 1984இல் 20 துடுப்புள்ள ஒரு மாதிரிக் கப்பலைக் கட்டி, கிரேக்கத்தின் வோலோஸிலிருந்து ஜார்ஜியாவரை ஓட்டியே பார்த்தார்கள். வழி சாத்தியம் என்று தெரிந்தது. தோலுக்கு அது சாட்சியாகாது.

பட்டியலை முதல் வாசிப்பில் தாண்டிப் போயிருக்கலாம். தப்பில்லை. ஆனால் திரும்பப் போனால் இட்மோன் என்ற பெயரில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அவன் நிமித்தம் பார்ப்பவன். இந்தப் பயணத்தில் தனக்குச் சாவு என்று முன்பே தெரியும். ஊரார் தன்னைக் குறைத்துப் பேசக் கூடாது என்று ஏறிவருகிறான். இரண்டாம் பாகத்தில், கொல்கிஸ் போய்ச் சேர்வதற்கு முன்பே, ஒரு நாணற்காட்டில் காட்டுப்பன்றி தொடையைக் கிழித்துச் செத்துப்போகிறான்.