கதவைப் பூட்டியாச்சு, மனசு ஏன் நம்ப மாட்டேங்குது?

கேள்வி: என் வயது 28. இரவு வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தால், பூட்டினேனா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. எழுந்துபோய் இழுத்துப் பார்ப்பேன். சில நாள் 15, 20 தடவை. அம்மாவை எழுப்பி எழுப்பிக் கேட்பேன். பூட்டைக் கைபேசியில் படம் எடுத்துப் பார்த்தேன். அது இன்றைக்கு எடுத்த படம்தானா என்று புதுச் சந்தேகம். மனநல மருத்துவர் இதை ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) என்றார். மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் குறைவு என்று சொல்லி, செர்ட்ராலின் 50 மி.கி. கொடுத்தார். 3 வாரமாகியும் குறையவில்லை. ரத்தத்தில் செரட்டோனின் அளவைப் பார்க்கலாமா? ரசாயனக் கோளாறுதான் என்றால் தெரபிக்கும் போகச் சொல்வது ஏன்? 'மனசைக் கட்டுப்படுத்து' என்கிறார் அம்மா. என்னால் முடியவில்லையே, டாக்டர்?

பதில்: கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களை அதிகம் வதைப்பது அதுதான் என்று படுகிறது. உங்களுக்கு மனக்கட்டுப்பாடு குறைவு என்று நான் நினைக்கவில்லை. இது அதனால் வருகிற நோயும் இல்லை.

பூட்டும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாவியைத் திருப்புகிறோம், 'டக்' என்று சத்தம் கேட்கிறது, ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோம். அதோடு உள்ளுக்குள் 'சரி, முடிந்தது' என்று ஓர் உணர்வு வந்துவிடுகிறது. அது வருவதை நாம் கவனிப்பதுகூட இல்லை. கண்ணுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி 'ஏதோ சரியில்லை' என்று எச்சரிக்கும் வேலையைச் செய்கிறது. அந்தச் செய்தி மூளையின் ஆழத்தில் உள்ள காடேட் என்ற பகுதிக்குப் போய், தாலமஸ் வழியாக மறுபடி முன்மூளைக்கே திரும்புகிறது. காரியம் முடிந்ததும் இந்தச் சுற்று அடங்கிவிட வேண்டும். ஓசிடி உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தால், இதே சுற்றுதான் அளவுக்கு மீறி வேலை செய்வது தெரிகிறது.

அதனால்தான் உங்கள் கண் பூட்டைப் பார்க்கிறது, அறிவும் ஒத்துக்கொள்கிறது, ஆனால் 'முடிந்தது' என்ற உணர்வு மட்டும் வந்து சேர மாட்டேன் என்கிறது. 'எனக்கே இது அர்த்தமில்லைன்னு தெரியுது டாக்டர், ஆனாலும் கால் அங்கதான் போகுது' என்று என் முன்னால் அழுதவர்கள் பலர். உலகில் 100 பேரில் 2, 3 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிற நோய் இது. பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பல வருடங்களைக் கழித்துவிடுகிறார்கள். நீங்கள் எழுதிக் கேட்டதே பெரிய விஷயம்.

இனி அந்தக் கைபேசிப் படம். இன்னொரு தடவை பார்த்தால் உறுதியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நெதர்லாந்தில் இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். ஓசிடி இல்லாதவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். கடைசியாக எதைச் சரிபார்த்தோம் என்பதை அவர்கள் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அந்த நினைவு மங்கலாகத் தோன்றியது, அதன் மேல் இருந்த நம்பிக்கையும் சரிந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி என்றால், இருபதாவது தடவை பார்த்த பூட்டு உங்களுக்கு முதல் தடவை பார்த்ததைவிடக் கலங்கலாகத் தெரிவதில் வியப்பில்லை. எழுந்துபோய் இழுத்துப் பார்த்ததும் சில நிமிடம் நிம்மதி கிடைக்கிறது இல்லையா? அந்த நிம்மதியைத்தான் மூளை கூலியாக எடுத்துக்கொண்டு, 'பயம் வந்தால் பூட்டைப் பார்' என்று இன்னும் அழுத்தமாகப் பாடம் படிக்கிறது.

ரத்தப் பரிசோதனை வேண்டாம், பணம்தான் விரயம். உடம்பில் உள்ள செரட்டோனினில் பெரும்பகுதி குடலில் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் நுழையாது. அதை அளந்து மூளையின் நிலவரத்தைச் சொல்ல முடியாது.

'செரட்டோனின் குறைவு' என்பது புரிய வைப்பதற்காக எங்களில் பலர் சொல்லும் சுருக்கம். நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. செரட்டோனின் மேல் சந்தேகம் விழுந்ததே மருந்துகளால்தான். க்ளோமிப்ரமின் என்ற பழைய மாத்திரை ஓசிடியைக் குறைத்தது. அதே குடும்பத்து டெசிப்ரமின் செரட்டோனினை விட்டுவிட்டு நார்அட்ரினலின் என்ற வேறொரு ரசாயனத்தில் வேலை செய்வது. அது பெரிதாகப் பலன் தரவில்லை. உங்கள் செர்ட்ராலின் அந்த வழியில் வந்த மருந்துதான். நரம்பு செல்களுக்கு நடுவே செரட்டோனின் கூடுதல் நேரம் தங்கும்படி செய்கிறது. இது மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். வெறும் பற்றாக்குறையை நிரப்புவதுதான் காரியம் என்றால், முதல் வாரத்திலேயே நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டுமே! அந்தச் சுற்று மெல்ல மெல்லத் தன்னை மாற்றியமைத்துக்கொள்ள வாரக்கணக்கில் ஆகிறது.

செரட்டோனின் மட்டும் இதில் இல்லை. பழக்கம் வேரூன்றுவதில் டோபமின் என்ற மூளை ரசாயனத்துக்குப் பங்கு உண்டு. செர்ட்ராலின் போன்றவை போதாதபோது டோபமினில் வேலை செய்யும் ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் போன்றவற்றைக் குறைந்த அளவில் சேர்ப்பது அதனால்தான். க்ளூட்டமேட் இன்னொன்று. க்ளூட்டமேட் செய்தியை வாங்கும் இடத்தில் இருக்கிற சாப்பாப்3 என்ற புரதம் இல்லாமல் வளர்ந்த எலிகளைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. முகம் புண்ணாகும் வரை அவை தம்மைத் தாமே சுத்தம் செய்துகொண்டே இருந்தன. காடேட்டை ஒத்த பகுதியில் அந்த மரபணுவைத் திருப்பி வைத்ததும் அந்தப் பழக்கம் குறைந்தது. எலிக்கு வந்தது ஓசிடி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் புண்பட்ட முகங்களின் படத்தைப் பார்த்தபோது, கை வெடிக்கும் வரை கழுவிக்கொண்டு வந்த என் நோயாளிகள்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்களிடம் யாரும் இனி 'கட்டுப்படுத்து' என்று சொல்லக்கூடாது.

3 வாரம் என்பது மிகவும் சீக்கிரம். மனச்சோர்வைவிட ஓசிடிக்கு மருந்து அதிக அளவும் அதிக காலமும் கேட்கும். பலனை எடைபோட 8 முதல் 12 வாரம் வேண்டும். 50 மி.கி. தொடக்க அளவு, தேவைப்பட்டால் 200 மி.கி. வரை படிப்படியாக ஏற்றுவது வழக்கம். ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் மருத்துவர் கையில். திடீரென்று நிறுத்தவே கூடாது. முதல் சில வாரங்களில் பதற்றம் கூடினாலோ, உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே அவரிடம் சொல்லுங்கள்.

தெரபி ஏன் என்று கேட்டீர்கள். 1992-இல் அமெரிக்க மனநல மருத்துவர் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் ஓசிடி உள்ளவர்களில் சிலருக்கு மாத்திரையும் சிலருக்கு நடத்தை சிகிச்சை மட்டுமும் கொடுத்து, முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். குணம் தெரிந்தவர்களுக்கு வலது பக்கக் காடேட்டின் துடிப்பு தணிந்திருந்தது. ஒருவர் மாத்திரை விழுங்கினார், மற்றவர் பயத்தோடு உட்காரப் பழகினார். மாறியது ஒரே இடம். ரசாயனம், பயிற்சி என்று நாம் பிரித்துப் பேசுகிறோமே தவிர, மூளை அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

அந்தப் பயிற்சியில் ஒரே தடவை, கவனமாகப் பூட்டுவீர்கள். படுப்பீர்கள். சந்தேகம் வரும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், கால் துடிக்கும். எழுந்து போகாமல் இருப்பதுதான் சிகிச்சை. 'பூட்டியிருக்கிறேன்' என்று மனதுக்குள் சொல்லிச் சமாதானம் செய்வதும் கூடாது. அதுவும் ஒரு சரிபார்ப்புதான். சந்தேகத்தைப் பதில் இல்லாமலே விட்டுவிட வேண்டும். பதற்றம் ஏறி, நின்று, தானாகவே இறங்கும். முதல் சில இரவுகள் கொடுமையாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். இதில் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் கூட இருந்தால், சிறிய பயத்திலிருந்து படிப்படியாகத் தொடங்கி வைப்பார்.

ஒரு சந்திப்புக்கு அம்மாவையும் அழைத்துப் போங்கள். 'பூட்டியாச்சுடி, படு' என்று அவர் பாசத்தில் சொல்வது ஒவ்வொன்றும் உங்கள் சார்பில் அவர் செய்யும் ஒரு சரிபார்ப்பு. அதற்குப் பதில் என்ன சொல்வது என்று பகலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'உனக்கு எவ்ளோ கஷ்டமா இருக்குன்னு தெரியுது, ஆனா அதுக்குப் பதில் சொல்ல மாட்டேன்னு பேசியிருக்கோம்ல' என்று அவர் சொன்னால் போதும்.

முதல் பயிற்சியாக, கைபேசியில் சேர்த்து வைத்திருக்கும் பூட்டுப் படங்களை அழிக்கலாமா என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள்.