பத்து வருஷப் பழைய சொகுசு எஸ்யூவி வாங்கலாமா? எப்போதும் ரிப்பேர்தான் என்கிறார்களே, உண்மையா?

உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அந்த வண்டியின் போட்டோவைப் போனில் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். புதுசாக இருந்தபோது எழுபது எண்பது லட்சம். இப்போது ஒரு புது இன்னோவா விலைக்கும் கீழே சொல்கிறார்கள். “சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி” என்று புரோக்கர் சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 2022ல் பெங்களூரிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு கோயம்புத்தூர் வந்தேன். 2014 மாடல், வி6 டீசல், மீட்டரில் 86,000 கிலோமீட்டர், விலை 24 லட்சம்.

எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். சொன்னால் “அது அப்படித்தான், இதை வாங்கியிருக்கணும்” என்று கமெண்டில் சண்டை ஆரம்பித்து, கேள்வி கேட்டவரை மறந்துவிடுவீர்கள். ஐரோப்பிய வண்டி, ஏர் சஸ்பென்ஷன் உண்டு. இவ்வளவு போதும்.

என் தொழிலைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். பல்லடம், சோமனூர் பக்கம் ஏர்ஜெட் தறி ஓடுகிற யூனிட்டுகளுக்கு ஏர் கம்ப்ரஸர் சர்வீஸ் செய்கிறேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஏர்ஜெட்டில் ஊடை நூலைக் காற்றுதான் தள்ளிக்கொண்டு போகும். காற்று குறைந்தால் தறி நின்றுவிடும். சரியாகப் பார்க்காமல் விட்ட லைனில் கம்ப்ரஸர் தள்ளுகிற காற்றில் 20 முதல் 30 சதவீதம் லீக்கிலேயே போய்விடும். லீக் இருந்தால் மெஷினுக்கு ஓய்வு கிடையாது. ஓடிக்கொண்டே இருக்கும், சூடேறும், கடைசியில் படுத்துவிடும். எத்தனை முதலாளிகளிடம் சொல்லியிருப்பேன்: “ஏனுங்க, கம்ப்ரஸரைத் திட்டாதீங்க, மொதல்ல பைப்பைப் பாருங்க.”

ஏர் சஸ்பென்ஷனும் அச்சு அசல் அதேதான். இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் நாலு மூலையிலும் ரப்பர் பை. கையில் தூக்கக்கூடிய ஒரு குட்டி கம்ப்ரஸர், ஈரத்தை உறிஞ்ச ஒரு டிரையர், எந்தப் பைக்கு எவ்வளவு காற்று என்று பிரித்துவிட ஒரு வால்வு பிளாக். இரண்டரை டன் வண்டியை இதுதான் தாங்குகிறது. கொஞ்ச நேரம் ஓடி நிற்பதற்காகச் செய்த கம்ப்ரஸர் அது, நாள் முழுக்க ஓடுவதற்கு இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

வண்டி வாங்கி எட்டு மாதம் இருக்கும். காலையில் வாசலில் கோலம் போடும்போது என் மனைவிதான் முதலில் பார்த்தாள். “ஏனுங்க, வண்டி ஒருபக்கமாச் சாஞ்சு நிக்குது. இந்தப் பக்கத்து லைட்டு தாழ இருக்குது பாருங்க.” முன்பக்க இடது மூலை இரண்டு விரல் இறங்கியிருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்தேன். பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம், அரை நிமிஷத்தில் வண்டி நேராகிவிட்டது. “வாசல் மேடு பள்ளமா இருக்குது” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாசலில் பதினான்கு வருஷமாகக் கோலம் போடுகிறவள் அவள்.

இப்படி மூன்று வாரம். தினமும் காலையில் இரண்டு விரல், பிறகு மூன்று விரல். தினமும் அந்தச் சத்தம், அதுவும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீளமாக. காற்று லீக்கைக் காதால் கண்டுபிடித்துச் சம்பாதிக்கிறவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் மாமியாரை ஏற்றிக்கொண்டு ஆனைமலை மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே வால்பாறை கிளம்பினோம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி. மலை ஏறும்போது வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமனாரே “மாப்பிள்ளை, ரயில்ல போற மாதிரி இருக்குதுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் 24 லட்சம் என்று அந்த நேரத்தில் தோன்றியது, மறைக்கவில்லை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்கிற காட்சிமுனை. வண்டியை நிறுத்திவிட்டு, அணையைப் பார்த்துக்கொண்டு, பிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடித்தோம். நாற்பது நிமிஷம்.

திரும்பி வந்தால் வண்டி முன்னங்காலை மடக்கிய யானை மாதிரி நிற்கிறது. இடது பக்க மட்கார்டு டயர்மேல் படுத்திருந்தது. ஸ்டார்ட் செய்தேன். கம்ப்ரஸர் ஓடியது, ஓடியது, அப்புறம் நின்றது. சஸ்பென்ஷன் கோளாறு, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்று திரை சொல்கிறது. ஐம்பதா! அந்த நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே டயர் உரசுகிறது.

எஸ்டேட் ஆட்களை இறக்கிவிட்டு வந்த ஒரு பழைய ஜீப் நின்றது. டிரைவர் இறங்கிக் குனிந்து பார்த்தார். “இதுல பட்டை இல்லீங்களா?” இரும்பு பிளேட்டுகளை அடுக்கிய ஸ்பிரிங்கைத்தான் கேட்டார்.

“இல்லீங்க, காத்துல நிக்கிற வண்டி.”

அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “மழை வந்துரும், பெரியவங்களை நான் கீழே கொண்டுபோய் விடறேனுங்க” என்று மாமனார் மாமியாரை அந்த ஜீப்பிலேயே ஆழியாறு வரைக்கும் கூட்டிப் போனார். அந்த ஜீப்பின் பட்டையில் ஒரு பிளேட்டு உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருந்ததையும் பார்த்தேன். அப்படியும் அது ஓடுகிறது.

லாரி வர நாலு மணி நேரம். வண்டியின் மூக்கு தாழ்ந்து கிடந்ததால் சாய்தளத்தில் ஏறும்போது தட்டியது. பலகை அடுக்கி ஏற்றினார்கள். மறுநாள் கோவையில் வெளி ஒர்க்‌ஷாப்பில் பிரித்தோம். பையின் மடிப்பில் ரப்பர் வெடித்திருந்தது. அந்த லீக்கை ஈடுகட்ட ஓடி ஓடி கம்ப்ரஸரின் பிஸ்டன் ரிங் தேய்ந்துபோயிருந்தது, அதற்குக் கரன்ட் கொடுத்து நிறுத்துகிற ரிலே ஒட்டிக்கொண்டிருந்தது, டிரையருக்குள் இருந்த குண்டுமணிகள் மாவாகியிருந்தன. மெக்கானிக் பையன், இருபத்தைந்து வயசு இருக்கும், சோப்புத் தண்ணியைத் தெளித்து நுரை வருவதைக் காட்டிவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: “அண்ணா, நீங்க கம்ப்ரஸர் சர்வீஸ்தானுங்களே பண்றீங்க?”

பில் 1,85,000 ரூபாய். முன்பக்கம் இரண்டு பை, கம்ப்ரஸர், ரிலே, கூலி. மனைவி சொன்ன அன்றே பார்த்திருந்தால் ஒரு பையோடு ஐம்பதாயிரத்துக்குள் முடிந்திருக்கும். இன்சூரன்ஸ்? ஃபுல் கவர் என்று எழுதியிருந்தாலும் தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் சாதாரண பாலிசியில் பைசா கிடையாது. இதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

“ரிப்பேர் ஆகும்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்களே, எது ரிப்பேர் ஆகிறது என்று பாருங்கள். காடு மேடு ஏறுவதற்காகப் போட்ட கனமான இரும்பு, அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல், ஆக்ஸில், இவையெல்லாம் என் வண்டியில் இன்றுவரை வாய் திறக்கவில்லை. செலவு வைத்ததெல்லாம் சொகுசுக்காகச் சேர்த்த ரப்பர், பிளாஸ்டிக், ஒயர். 1970ல் முதல் ரேஞ்ச் ரோவர் வந்தபோது உள்ளே ரப்பரும் வினைலும்தான். தண்ணி அடித்துக் கழுவலாம். அதில் ஏர் சஸ்பென்ஷன் ஏறியது 1992ல்தான். மெர்சிடிஸ் ஜி வண்டியும் 1979ல் ராணுவத்தை மனதில் வைத்துப் பிறந்த வண்டி. தோல் சீட்டும் திரைகளும் பிறகு ஒவ்வொன்றாக ஏறின. ஏறிய ஒவ்வொன்றும் பத்தாவது வருஷம் நம் தலையில்தான் இறங்கும். வாங்கும்போது வண்டி விலை பழசு, பார்ட்ஸ் விலை மட்டும் எப்போதும் புதுசு.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூலன்ட் போகும் பிளாஸ்டிக் பைப்புகள் சூட்டில் வெந்து விரிசல் விடும். அலுமினிய எஞ்சின் ஒருமுறை கொதித்தால் எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போச்சு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘கடகட’ என்று இரண்டு விநாடி சத்தம் வந்தால் எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம், எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்பார்கள். பல வண்டிகளுக்கு அந்த கியர்பாக்ஸைச் செய்து கொடுக்கும் இசட்.எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. கொஞ்சம் புதுசான, பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் என்றால் பின்னால் புகை வடிகட்டி இருக்கும். ஆர்.எஸ்.புரத்துக்கும் காந்திபுரத்துக்கும் மட்டுமே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது அவிநாசி ரோட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஓட விட வேண்டும். டேஷ்போர்டில் ஒரே நேரத்தில் ஏழெட்டு விளக்கு எரிந்தால் பயந்து லட்சக்கணக்கில் எஸ்டிமேட் வாங்காதீர்கள், முதலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். எனக்கு இரண்டு முறை பேட்டரிதான்.

சன்ரூஃப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூரையில் விழும் மழைத்தண்ணி இறங்க நாலு மூலையிலும் மெல்லிய குழாய் இருக்கிறது. என் வீட்டு வேப்பமரத்து இலை அதை அடைத்து, ஒரு ஐப்பசி மழையில் தண்ணியெல்லாம் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கி, சீட்டுக்குக் கீழே இருந்த ஒயர் கனெக்டர் பச்சையாகப் பூத்துப்போனது. 38,000 ரூபாய். வேப்பமர நிழலில் நிறுத்தினால் வண்டிக்கு நல்லது என்று நானேதான் அங்கே நிறுத்தினேன்.

முன்பக்க ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் ரப்பர் மூட்டு, நான் ஓட்டிய 30,000 கிலோமீட்டரில் போய்விட்டது. இதற்கு வண்டியை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் 400 மீட்டருக்குள் ஆறு வேகத்தடை! வேகத்தடைக்கு, சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்கிற அமைப்பு அளவே கொடுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் மெத்தென்று ஏறி இறங்கலாம். எங்கள் தெருவில் இருப்பது ஒரு முழ அகலத்தில் நிற்கிற சுவர். வெள்ளைக்கோடு கிடையாது, பலகை கிடையாது, யாரோ ராத்திரியோடு ராத்திரியாக மிச்ச ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனது. பால்காரர் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். மனு கொடுத்தோம். ஏழாவதாக ஒன்று வந்தது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

“காசு இல்லாதவன் ஏன் ஆசைப்பட்டான்” என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: கடன் வாங்கி வாங்கவில்லை, யாரிடமும் அழவும் இல்லை. “லேண்ட் க்ரூஸர் வாங்கியிருந்தால் இந்த வம்பே இல்லை” என்பவர்களுக்கு: 1951லிருந்து வருகிற டொயோட்டா பரம்பரை, மரியாதை உண்டு, 1984ல் வந்த 70 சீரிஸை இன்னும் செய்கிறார்கள் என்றால் சும்மா இல்லை. ஆனால் அதே டொயோட்டா 2024ல், எஞ்சினுக்குள் உலோகத் துகள் தங்கியிருக்கலாம் என்று அமெரிக்காவில் சுமார் ஒரு லட்சம் டண்ட்ரா, லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஜப்பான் என்றால் தெய்வம் என்று நினைக்க வேண்டாம், அவ்வளவுதான். பழைய லேண்ட் க்ரூஸர் இங்கே என்ன விலை என்று நீங்களே கேட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்.

உங்களுக்கு என் பதில் இது: வண்டி விலையில் கால் பங்கைத் தனியாக பேங்கில் போட்டுவைக்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் இன்னோவா நல்ல வண்டி. சர்வீஸ் பில்கள் காகிதத்தில் வேண்டும், வாய்வார்த்தை வேண்டாம். புரோக்கர் கழுவித் துடைத்து, ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிற வண்டியைப் பார்க்கப் போகாதீர்கள். முந்தின நாள் சாயங்காலம் சமதரையில் நிறுத்தச் சொல்லி, நாலு மட்கார்டின் உயரத்தையும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் சாவி போடுவதற்கு முன்னால் நீங்களே போய் மறுபடி அளங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் விலையைக் குறையுங்கள், அல்லது டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

வண்டி என்ன ஆனது என்று கேட்பீர்கள். என்னிடம்தான் இருக்கிறது, இப்போது 1,21,000 கிலோமீட்டர். மாமனார் மட்டும் அதற்குப் பிறகு வால்பாறைக்கு பஸ்ஸில்தான் போகிறார். இன்று காலை கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த மனைவி, பின்பக்க வலது மூலை ஒரு விரல் இறங்கியிருக்கிறது என்றாள். வாசல் மேடு பள்ளம் என்று நான் சொல்லவில்லை. சோப்புத் தண்ணி கலக்கி வைத்திருக்கிறேன், வெயில் தாழ்ந்ததும் பார்க்க வேண்டும்.